மந்தி வைத்த நாற்பது காலடி

மழை நின்று நான்கு நாள்கூட ஆகவில்லை. அதற்குள் பளிங்கருவிக் காட்டில் விருந்தாளிக் கூட்டம் குவிந்துவிட்டது. சமவெளியிலிருந்து வெளிமான்கள், பன்றிகள், கொக்குகள், உடும்புகள் எல்லாம் குடும்பம் குடும்பமாக அருவி பார்க்க வந்தன.

அருவிக்குப் போகும் ஒற்றையடிப் பாதையின் ஓரத்தில் ஒரு புதர். அதில் மருதாணி என்ற சருகுமான் குடியிருந்தது. சருகுமான் முயலைவிடக் கொஞ்சம்தான் பெரிது. மருதாணிக்குப் பொட்டு என்று ஒரே குட்டி. பிறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. பாதையில் காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் மருதாணி புதருக்குள் பதுங்கும். பொட்டுவை மடியோடு அணைத்துக்கொண்டு, சத்தம் தாண்டிப் போகும்வரை மூச்சை அடக்கிக்கொள்ளும்.

காரணம் இருந்தது. போன சீசனில் முயல் வீட்டில் மூன்று குட்டிகள் காணாமல் போயின. அதே வாரம் விருந்தாளியாக வந்த ஒரு கொக்கும் ஊர் திரும்பவில்லை.

அதனால் தலைவர் யானை கஜபதி நாவல் மரத்தடியில் கூட்டம் போட்டது.

"யாரு வர்றாங்க, யாரு போறாங்க, யாரு இன்னும் உள்ளே இருக்காங்க, நமக்கு ஒண்ணும் தெரியல. அதனால நுழைவுப் பாறை மேல ஈரக் களிமண் பரப்பி வைப்போம். வர்ற விருந்தாளி ஒரு காலடி பதிச்சுட்டு உள்ளே வரட்டும். போகும்போது அதை அழிச்சுட்டுப் போகட்டும். பொழுது சாயும்போது அழியாத காலடி இருந்தா, யாரோ உள்ளே இருக்காங்கன்னு அர்த்தம். எந்தக் காலடின்னு பாத்தாலே யாருன்னு தெரிஞ்சுடும். போய்த் தேடுவோம்."

மருதாணிக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. இவ்வளவு எளிய யோசனை. ஐந்து நிமிடத்தில் கூட்டம் முடிந்துவிடும் என்று நினைத்தது.

ஏழு நாள் ஆனது.

முதலில் மயில் எழுந்தது. விருந்தாளிகள் முன்னால் ஆடிப் பேர் வாங்கிய மயில் அது. "காலடி வைன்னு சொன்னா அவங்க என்ன நெனப்பாங்க? நம்மளைத் திருடன்னு நெனக்கறாங்கன்னு மனசு நொந்து போவாங்க. அடுத்த வருஷம் பக்கத்து மலைக்குப் போயிடுவாங்க. அப்புறம் நான் யார் முன்னால ஆடறது? உங்க முன்னாலயா?"

அடுத்து கடமான். "இன்னைக்கு விருந்தாளி காலடி. நாளைக்கு நம்ம காலடி. நான் எங்கே தண்ணி குடிக்கிறேன்னு மத்தவங்களுக்கு எதுக்குத் தெரியணும்?"

"நீ பத்து வருஷமா ஒரே துறையிலதான் குடிக்கறே. காடே பாத்துக்கிட்டிருக்கு" என்றது கரடி.

"பாக்கறது வேற. பதியறது வேற" என்றது கடமான்.

கிளி குறுக்கே புகுந்தது. "களிமண்ல கால் வச்சா நகம் உதிருமாம்."

"யாரு சொன்னா?"

"எல்லாரும் சொல்றாங்க."

"காலையில எங்க மரத்துக்கு வந்து நீதானே சொன்னே" என்றது அணில்.

"இப்ப எல்லாரும் சொல்றாங்கல்ல" என்றது கிளி.

மருதாணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தயங்கித் தயங்கி எழுந்து நின்றது. "ஒரு காலைத் தூக்கி வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? முயலக்காவோட மூணு பிள்ளைங்க போனப்போ, யாரைத் தேடறதுன்னே நமக்குத் தெரியலையே. அதை யாரும் பேச மாட்டேங்கறீங்களே."

மயில் கழுத்தைச் சாய்த்துச் சிரித்தது. "பிள்ளை பொறந்ததிலேர்ந்து உனக்கு நிழலைப் பாத்தாலும் பயம், மருதாணி. புதுசாத் தாயானவங்களுக்கு அப்படித்தான் இருக்கும். நல்லாச் சாப்பிட்டுத் தூங்கு, சரியாயிடும்."

கூட்டம் சிரித்தது. மருதாணி உட்கார்ந்துவிட்டது.

இரண்டாம் நாள், காலடி ஆழமாகப் பதியக்கூடாது என்று முடிவானது. மூன்றாம் நாள், நகம் தெரியக்கூடாது. நகத்தைக் காட்டச் சொல்வது மரியாதை இல்லை. நான்காம் நாள் களிமண்ணுக்குப் பதில் மணல் போடலாமா என்று பேசினார்கள். ஐந்தாம் நாள் மறுபடியும் களிமண். ஏழாம் நாள் எல்லோருக்கும் பிடித்த மாதிரி ஒரு வரி சேர்த்து முடித்தார்கள்: 'எக்காரணம் கொண்டும் விருந்தாளிக்குச் சிரமம் தரக்கூடாது.'

வாசலைப் பார்த்துக்கொள்ள மந்தி மாசிலாமணியை நியமித்தார்கள். அந்தக் காட்டிலேயே பணிவுக்குப் பேர்போனது மாசிலாமணிதான். யாரிடமும் 'இல்லை' என்று சொல்லத் தெரியாது.

முதல் விருந்தாளியாக வந்தது ஒரு பன்றியம்மா. களிமண்ணைப் பார்த்து முகம் சுளித்தது. "கால்ல சேறாயிடுமே."

பன்றிக்குச் சேறா என்று மாசிலாமணி கேட்கவில்லை. "நீங்க ஏம்மா சிரமப்படணும்? உங்களுக்காக நானே வச்சுடறேன்" என்று தன் கையைப் பதித்தது. பன்றியம்மா வாழ்த்திவிட்டு உள்ளே போனது.

அடுத்து வந்த உடும்புக்கும் மாசிலாமணிதான் வைத்தது. அதற்கடுத்த கொக்குக் கூட்டத்துக்கும் அதுவே. திரும்பிப் போகிறவர்களையும் குனிய விடவில்லை. "நீங்க போங்க, நான் அழிச்சுக்கறேன்" என்று சொல்லும். ஆள் நகர்ந்ததும் மறந்துவிடும். மறுநாள் காலையில் எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தடவி அழித்துவிடும்.

தூரத்தில் நின்று பார்த்தால் பாறை நிறையப் பதிவுகள். "பாருங்க, எவ்வளவு ஒழுங்கா நடக்குது!" என்று கஜபதி பூரித்தது. யாருக்கும் மனக்கசப்பு இல்லை என்று மயிலும் பூரித்தது.

ஒரு மாலை. மருதாணி நாலடி தள்ளி நாவல் பழம் பொறுக்கப் போயிருந்தது. திரும்பி வந்து பார்த்தால் புதரில் பொட்டு இல்லை.

மருதாணி நுழைவுப் பாறைக்கு ஓடியது. "மாசிலாமணி அண்ணே, என் குட்டியைக் காணோம். உள்ளே இன்னும் யாரு யாரு இருக்காங்க?"

"இதோ, எல்லாம் பதிஞ்சிருக்கு தாயி" என்று மாசிலாமணி பெருமையோடு களிமண்ணைக் காட்டியது.

மருதாணி குனிந்து பார்த்தது. நாற்பது பதிவு. நாற்பதிலும் ஐந்து விரல். நாற்பதிலும் சுண்டு விரல் ஒரே மாதிரி கோணியிருந்தது.

"அண்ணே, இது எல்லாமே உங்க கை."

"விருந்தாளிக்குச் சிரமம் தரக்கூடாதுன்னு சொன்னாங்களே தாயி."

"நரி ஏதாவது உள்ளே போச்சா? அதையாவது சொல்லுங்க."

"வந்தவங்க மூஞ்சியை உத்துப் பாக்கறது மரியாதையா?" மாசிலாமணி கையைப் பிசைந்தது.

கஜபதி வந்தது. மயிலும் கடமானும் பின்னாலேயே வந்தன. மூன்றும் களிமண்ணைச் சுற்றி நின்றன.

"எல்லாப் பதிவும் அழியாம இருக்கு. அப்ப எல்லாருமே உள்ளே பத்திரமா இருக்காங்க" என்றது மயில்.

"இல்லைன்னா, நாப்பது மந்தி உள்ளே இருக்கு" என்றது கடமான்.

"முதல்ல இதை எப்படி எடுத்துக்கறதுன்னு ஒரு முடிவுக்கு வருவோம்" என்றது கஜபதி.

மருதாணி அந்த முடிவுக்குக் காத்திருக்கவில்லை. பாதையில் ஏறி ஓடியது. பாறைக்குப் பாறை முகர்ந்து முகர்ந்து போனது. அருவிக்குப் பின்னால், சாரல் விழும் ஒரு பிளவுக்குள் பொட்டு ஒடுங்கிக் கிடந்தது. பிளவின் வாயில் ஒரு நரி சாவகாசமாக உட்கார்ந்திருந்தது. அதன் உதட்டில் லேசாக ரத்தம்.

"யாரு நீ?" என்றது மருதாணி.

"நான் விருந்தாளிம்மா. அருவி பாக்கறேன்" என்றது நரி.

"அருவி உன் முதுகுப் பக்கம் இருக்கு."

"உங்க வாசல்ல ரொம்ப மரியாதை. என் பேரைக்கூடக் கேக்கல. ஒருத்தரும் என்னைத் தேட மாட்டாங்க. உன் பிள்ளையையும்தான்."

சருகுமானுக்குக் கொம்பு கிடையாது. குரலும் பெரிதாகக் கிடையாது. ஆனால் ஆபத்து வந்தால் பின்னங்கால்களால் தரையில் தாளம் போல அடிக்கும். மருதாணி அடித்தது. பாறை அதிர அடித்தது. குளம்பு தெறித்து ரத்தம் வந்த பிறகும் அடித்தது. கீழே கஜபதியின் காதில் அது விழுந்தது. மரங்களை விலக்கிக்கொண்டு யானை வரும் ஓசை கேட்டதும் நரி புதருக்குள் நழுவிவிட்டது.

பொட்டு உயிரோடு வெளியே வந்தது. அதன் இடது காதின் நுனி மட்டும் இல்லை.

மறுநாள் காலை மறுபடியும் கூட்டம்.

"பெருசா ஒண்ணும் ஆகலையே. காது நுனிதானே" என்றது மயில். "சீசன் முடியற வரைக்கும் இதை யாரும் வெளியே சொல்ல வேண்டாம்."

"அந்த நாப்பது கையும் யாரோடதுன்னு விசாரிக்க ஒரு கமிட்டி போடலாம்" என்றது கடமான்.

"எல்லாம் என் கைதாங்க" என்றது மாசிலாமணி.

"அதைக் கமிட்டி சொல்லட்டும்" என்றது கடமான்.

மருதாணி எழுந்தது. பொட்டுவை நடத்திக்கொண்டு, நொண்டி நொண்டி நுழைவுப் பாறைக்குப் போனது. நாற்பது கையையும் குளம்பால் தேய்த்து அழித்தது. பிறகு பாதையை அடைத்துக் குறுக்கே படுத்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் விருந்தாளிகள் வந்து வரிசை கட்டி நின்றன. கஜபதி பதறியடித்து வந்தது. "வழியை விடும்மா மருதாணி. எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க."

"விடறேன் ஐயா. முதல்ல நீங்க கால் வைங்க."

"நானா? நான் இந்தக் காட்டுத் தலைவர்."

"அதனாலதான் உங்களை முதல்ல கேக்கறேன். இங்கே இருக்கறவங்களும் வைக்கட்டும், வர்றவங்களும் வைக்கட்டும். அப்ப யாருக்கு என்ன அவமானம்?"

கஜபதி பொட்டுவின் நுனி போன காதைப் பார்த்தது. காலைத் தூக்கி வைத்தது. பாதிப் பாறை அதற்கே போய்விட்டது. மருதாணி தன் அடிபட்ட காலைப் பக்கத்தில் வைத்தது. பொட்டுவும் வைத்தது. கடமான் முனகிக்கொண்டே வைத்தது.

வரிசையில் முதலில் நின்றது ஒரு வெளிமான் தாய். பக்கத்தில் அதன் குட்டி. "இது எதுக்குங்க?" என்று கேட்டது.

"சாயங்காலம் நீங்க திரும்பலைன்னா தேடி வர்றதுக்கு" என்றது மருதாணி.

"தேடுவீங்களா?" வெளிமான் குட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. "போன வருஷம் இங்கே வந்த கொக்கைப் பத்திக் கேள்விப்பட்டேன். பயந்துக்கிட்டேதான் பிள்ளையைக் கூட்டிட்டு வந்தேன். அப்ப நான் நல்லா அழுத்தியே வைக்கறேன்." தன் காலை வைத்துவிட்டு, குட்டியின் காலையும் பிடித்து நன்றாக அழுத்தியது.

அடுத்து பன்றிகள் வைத்தன. உடும்பு வைத்தது. கொக்குகள் வைத்தன. மயிலின் ஒரு பேச்சு முடியும் நேரத்துக்குள் பாதி வரிசை உள்ளே போய்விட்டது.

மனம் நொந்து திரும்பிப் போனது ஒரே ஒரு விருந்தாளிதான். வரிசையின் கடைசியில் பன்றிகளின் மறைவில் நின்றிருந்த நரி, களிமண்ணை ஒரு தடவை பார்த்தது. மருதாணியை ஒரு தடவை பார்த்தது. வந்த வழியே போய்விட்டது.

வந்தவர் மனம் கோணுமே என்று காவலைத் தளர்த்துகிறவர்கள் வந்தவரையும் காப்பதில்லை, வீட்டுப் பிள்ளையையும் காப்பதில்லை. கெட்ட எண்ணத்தோடு வந்தவனுக்கு மட்டுமே வசதி செய்து தருகிறார்கள்.