அக்கரைப்பட்டி போட்ட பூட்டு

ரொம்பக் காலத்துக்கு முந்திய கதை இல்லை இது. போன ஆவணியில் நடந்ததுதான். மனுக்களை அரசுக்கு அனுப்பிவைக்கும் பொறுப்பை ஏற்றிருந்த வடிவு என்கிற பெண்ணின் மடிக்கணினியில், ஒரே கோப்புறைக்குள் நான்கு பி.டி.எஃப். மனுக்கள் குடியிருந்தன. நான்கு ஊர்க்காரர்கள் கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் செய்து அனுப்பியவை. நான்கும் கேட்டது ஒன்றைத்தான்: காட்டோடையின் குறுக்கே ஒரு பாலம்.

மூன்று மனுக்கள் ஓடைக்கு இந்தப் பக்கத்து ஊர்களுடையவை. நான்காவது மட்டும் எதிர்க்கரையில் இருக்கும் அக்கரைப்பட்டியுடையது. அது பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிக்கொண்டு, யாரோடும் ஒட்டாமல் மூலையில் கிடந்தது.

"பெரிய பண்ணையாரு! பூட்டோடதான் வருவாராம்" என்று பனையடி ஊர் மனு கேலி பேசும். பனையடிக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அக்கரைப்பட்டிக்குச் சுருக்கென்று இருக்கும். பூட்டை இன்னும் இறுக்கிக்கொள்ளும். முன்பு ஒருமுறை எல்லா ஊரும் சேர்ந்து சாலை கேட்டு மனு எழுதியபோது, அதன் ஊர்க்காரர்களிடம் கையெழுத்தை வாங்கிக்கொண்டு ஊர்ப்பெயரை மட்டும் விட்டுவிட்டார்கள். சாலை ஓடையோடு நின்றுபோனது. இனிச் செத்தாலும் எவரோடும் சேருவதில்லை என்று அது வீம்பாக இருந்தது.

ஆனால் அரசு இணையதளம் ஒரே கோப்பைத்தான் வாங்கும் என்றது. கடைசி நாளும் வந்துவிட்டது; அன்று மாலை வரைதான் நேரம். தவறவிட்டால், ஐப்பசி மழையில் ஓடை பெருகும்போதெல்லாம் அக்கரைப்பட்டிப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக முடியாமல் வீட்டில் முடங்க வேண்டியதுதான்.

ஊராரின் கையெழுத்தும் போன் நம்பரும் இருக்கிற தாள்களை, முகம் தெரியாத ஏதோ ஒரு தளத்தில் ஏற்றி இணைத்து வாங்க வடிவுக்கு மனம் வரவில்லை. நான்கையும் ஒன்றாக இணைக்கத் தானே உட்கார்ந்து சின்னதாக ஒரு கணினி நிரல் எழுதினாள். எழுதி முடித்து ஓடவிட்டதுமே நிரல் துள்ளி எழுந்தது.

"ஒவ்வொருத்தரா வாங்க. பக்கங்களைக் காட்டுங்க."

"நான்தான் முதல்ல. எங்க ஊர்தான் பெருசு" என்றது பனையடி.

"பெருசு சிறுசு எல்லாம் எனக்குத் தெரியாது. வடிவு சொன்ன வரிசைதான்" என்றது நிரல். ஒன்று, இரண்டு, மூன்று என்று வேலை மளமளவென நடந்தது. நான்காவதிடம் வந்ததும் நிரல் முட்டி நின்றுவிட்டது.

"பூட்டியிருக்கு. என்னால நகர முடியாது."

"அவனை விட்டுட்டுப் போயேன்" என்றது பனையடி.

"'திறக்காததை விட்டுவிடு'ன்னு ஒரு வரி சேர்த்தா போயிடுவேன். அதை வடிவுதான் எழுதணும்."

வடிவு மணியைப் பார்த்தாள். அந்த வரியைத் தட்டவும் தொடங்கினாள். சேருவதுதான் பயம் என்று அக்கரைப்பட்டி இத்தனை நாள் நினைத்திருந்தது. விட்டுவிட்டுப் போவார்கள் என்பது அதைவிடப் பெரிய பயம் என்று இப்போதுதான் தெரிந்தது.

பாதியில் வடிவின் விரல் நின்றது. சேர்ந்திருந்த மூன்று பெயர்களையும் படித்துப் பார்த்தாள்.

"மூணும் ஒரே கரைதான? அப்ப பாலம் எங்கன போய் இறங்கும்?" என்று முணுமுணுத்தாள். எழுதியதை அழித்துவிட்டு, அக்கரைப்பட்டி மாடக்கண்ணுவுக்குப் போன் போட்டாள். மனுவை அனுப்பியவர் அவர்தான்.

"அண்ணாச்சி, ஒங்க மனு திறக்க மாட்டேங்கு. என்னத்துக்குப் பூட்டினீய?"

"சூடுபட்டவங்க நாங்க, தாயி. போன தடவை கையெழுத்து எங்களோடது, ரோடு ஒங்களுக்குன்னு ஆயிட்டுல்லா?"

வடிவுக்கு முகம் சிவந்துவிட்டது. அவளும் பனையடிக்காரிதான்.

"நடந்தது தப்புதான் அண்ணாச்சி. ஒங்க தாள்ல ஒரு புள்ளி மாறாது. சேர்த்ததும் ஒங்களுக்குத்தான் முதல்ல அனுப்புவேன். நீங்க பாத்து சரின்னு சொன்ன பொறவுதான் ஏத்துவேன்."

மாடக்கண்ணு மனம் இறங்கினார்.

"பாஸ்வேர்டு வேற ஒண்ணுமில்ல, தாயி. எங்க ஊர்ப் பேருதான். அன்னைக்கு எழுதாம விட்டாவல்லா, அதேதான்."

வடிவு அந்தப் பெயரை நிரலில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். தன் பெயரைப் பனையடிக்காரி ஒருத்தி எழுதுவதை அக்கரைப்பட்டி பார்த்தது. அதற்கு அழுகை வந்துவிட்டது. பூட்டு தானாக விழுந்தது.

நிரல் அதன் பக்கங்களையும் வாங்கிச் சேர்த்தது. புதிதாக ஒரு பெரிய மனு பிறந்தது. மாடக்கண்ணு பார்த்துச் சரி சொன்னார். நேரம் முடிவதற்குள் அது இணையதளத்தில் ஏறிவிட்டது. பெற்றுக்கொண்டதாகப் பதிலும் வந்தது.

கோப்புறைக்குள் பனையடி தன்னைத் தானே தடவிப் பார்த்துக்கொண்டது; ஒரு பக்கமும் குறையவில்லை. பிறகு மூலையைப் பார்த்தது.

"ஏவே அக்கரைப்பட்டி, நாம எல்லாரும் குறையாம இங்கதான இருக்கோம்? அப்ப அங்க போனது யாரு?"

"அதுவும் நாமதான்."

"ஒரே ஆளு ரெண்டு பக்கமும் எப்படிவே இருக்க முடியும்?"

முதல்முறையாக அக்கரைப்பட்டி சிரித்தது.

"பாலம் அப்படித்தானவே இருக்கும்."