கஸ்பார் டீயை விட்ட தவக்காலம்

ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலம் வந்தால் கஸ்பார் உபதேசியார் டீயை விட்டுவிடுவார். அது தொடங்கும் சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலோடு வந்து டம்ளரைக் கவிழ்த்து வைத்தாரென்றால், ஈஸ்டர் பூசை முடிந்துதான் நிமிர்த்துவார். கோவிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கிறவர் இப்படியல்லவா இருக்கவேண்டும் என்று ஊரே மெச்சும், அவர் மனைவி தெக்லாவைத் தவிர.

அந்த வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில், உபதேசியார் முகம் செத்துப்போய்ப் பங்குச் சாமியாரின் பங்களாவுக்கு வந்தார். மிக்கேல் சாமியார் அவரைவிட வயதில் இளையவர். ஆனாலும் மனசு குழம்பினால் உபதேசியாருக்கு அவர்தான் குரு.

"சாமி, தெக்லா அவ அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா. இனி வரவே மாட்டேன்னுட்டா."

"என்ன நடந்துச்சு?"

"கஞ்சியில உப்பு கூடிப்போச்சு. சட்டியோட தூக்கித் தெருவுல எறிஞ்சேன்."

"உப்புக்காகவா?"

"டீ இல்லாம தலை வெடிக்குது சாமி. யாரு வாயைத் தொறந்தாலும் எரிச்சலா வருது. ஆனா ஒரு சொட்டு குடிக்கல. இவ்வளவு ஒறுத்தல் செஞ்சும் ஆண்டவர் ஏன் என் வீட்டை இப்படிக் கலைக்கிறாரு?"

சாமியார் எழுந்தார். அடுப்படிக்குப் போனார். இஞ்சி தட்டும் சத்தம் கேட்டது. ஆவி பறக்க ஒரு டம்ளரோடு வந்தார்.

"குடியும்."

"ஐயோ சாமி! இன்னைக்கு வெள்ளிக்கிழமை!"

"டீயில கறியா கிடக்கு? குடியும்."

குடித்தார். பாதி டம்ளரிலேயே கண்கள் நிறைந்துவிட்டன.

"பாவம் சாமி அவ. அதே உப்புக் கஞ்சியைத்தானே அவளும் குடிச்சுக்கிட்டு இருந்தா."

பிறகு பயந்தபடி கேட்டார். "அப்ப என் தவம் போச்சா?"

"இனிமேதான் ஆரம்பிக்குது. தினமும் பூசையில நெஞ்சுல தட்டிக்கிட்டு தப்பு என் மேலன்னு சொல்றீரே, அதை அவ அண்ணன் வீட்டு வாசல்ல நின்னு சொல்லிட்டு வாரும்."

"மச்சான் இருப்பானே சாமி!"

"இருக்கட்டும்."

"தனியாக் கூப்பிட்டுச் சொன்னா ஆகாதா?"

"சட்டியைத் தனியாவா எறிஞ்சீர்?"

உபதேசியார் மிச்ச டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

சாயங்காலம் சிலுவைப்பாதை ஜெபத்துக்கு மணி அடிக்கும் முன்னே ஓடிவந்தார். மூச்சு வாங்கியது. முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"வந்துட்டா சாமி! வந்துட்டா!"

"சொன்னீரா?"

"சொன்னேன். மச்சான் வேற நமட்டுச் சிரிப்பு சிரிச்சான். ஆயுசுக்கும் டீயை விட்டுரலாம் சாமி, அந்த ஒரு வார்த்தை வெளிய வரமாட்டேங்குது."

"அவ என்ன சொன்னா?"

"என் மூஞ்சியவே பார்த்தா. அப்புறம், டீ குடிச்சீங்களான்னு கேட்டா. ஆமான்னேன். உடனே பையை எடுத்துக்கிட்டு வந்துட்டா."

சாமியார் வாய்விட்டுச் சிரித்தார். உபதேசியாரும் சிரித்தார். சிரித்து முடித்ததும் பழைய கவலை வந்துவிட்டது அவருக்கு.

"தவக்காலம் இன்னும் பாதி கிடக்கே சாமி. மிச்ச நாளைக்கு நான் எதை விடணும்?"

சாமியார் ஊதா அங்கியை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"என்கிட்ட ஏன் கேக்கிறீர்? தெக்லாகிட்ட கேளும்."