இரண்டாவது அம்பு

தீர்ப்புச் சொல்வதில் நீங்கள் கெட்டிக்காரர் என்ற நினைப்பு உங்களுக்கு இருந்தால், இந்த வழக்கைக் கேளுங்கள். ஒரு கிடார், மூன்று பேர். மூவரில் ஒருவன் இப்போது உயிரோடு இல்லை, அவனிடம் விசாரிக்க முடியாது.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவள் விண்ணரசி. தைத்து வரும் பனியனை மேசையில் விரித்து, ஓட்டையோ கறையோ தெரிந்தால் அந்த இடத்தைக் காட்டும்படி ஒரு சின்ன அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவாள். அந்த வேலைக்கு இரண்டு விதிகள் உண்டு. ஒரு குறை கண்ணில் பட்டதும் நிறுத்திவிடக் கூடாது, கடைசித் தையல் வரை பார்க்க வேண்டும். பார்த்து பாஸ் செய்த பீஸை மறுபடி கையில் எடுக்கக் கூடாது, எடுத்தால் வேலை நகராது. தேறாமல் கழிந்ததற்குப் பெயர் செகண்ட்ஸ். "செகண்ட்ஸ்னா கடைசி வரைக்கும் செகண்ட்ஸ்தானுங்க. ஓட்டை உழுந்த துணியை யாரு சரி பண்ண முடியும்?" என்று வீட்டில் புருஷனிடமும் சொல்லிக்கொண்டிருப்பாள்.

புருஷன் சவரிராஜ் கல்யாண வீடுகளில் வாசிக்கும் ஓர் ஆர்க்கெஸ்ட்ராவில் கிடார் வாசித்தான். கோயில் பாடகர் குழுவில் பார்த்துப் பார்த்துத் தானாகக் கற்றுக்கொண்ட கை. சொந்தமாக எலக்ட்ரிக் கிடார் இருந்தால் தனி வாசிப்பெல்லாம் அவனுக்குத்தான் என்று ஆர்க்கெஸ்ட்ரா முதலாளி சொல்லிவிட்டார். புதியதன் விலை எட்டாத உயரத்தில் இருந்தது. கோவையில் தாஜுதீன் என்பவருடைய கடையில் கம்பெனி கழித்துவிட்ட கிடார்கள் பாதி விலைக்குக் கிடைக்கின்றன என்று கேள்விப்பட்டு இருவரும் பஸ் ஏறினார்கள்.

தாஜுதீன் எதையும் பூசி மெழுகவில்லை. "செகண்ட்ஸ் சரக்கு தங்கச்சி. எதுக்குக் கழிச்சான்னு எனக்கே தெரியாது. மேல கீழ எல்லாம் வாசிச்சுப் பார்த்து எடுங்க. எடுத்துட்டுப் போனா திருப்பி வாங்க மாட்டேன்" என்றார்.

ஆறு கிடார் இருந்தன. விண்ணரசி ஒவ்வொன்றையும் மடியில் போட்டுத் தடவித் தடவிப் பார்த்தாள். ஐந்தாவது, மாதுளை நிறத்தில் ஒன்று. அதன் முதுகில் கடுகளவுக்கு பெயின்ட் கொப்புளம். இதற்குப் போயா கழித்தான் என்று அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். கைப்பையிலிருந்து ஓர் அம்பு ஸ்டிக்கரை எடுத்துக் கொப்புளத்தின் பக்கத்தில் ஒட்டிச் சிரித்தாள்.

சவரிராஜ் அதை வாங்கி வாசித்தான். கழுத்தின் கீழ்ப்பக்கத்துச் சுரங்கள் நன்றாகவே பேசின. கை மெல்ல மேலே ஏறி, கழுத்து உடம்போடு சேரும் இடத்தில் ஒரு கணம் நின்றது. நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். கையை இறக்கிக்கொண்டு, "இதுவே இருக்கட்டும், அரசி" என்றான்.

நான் செக் பண்ணி எடுத்தது என்று அவள் தெருவெல்லாம் சொன்னாள். மூன்று வருஷத்தில் தனி வாசிப்புகள் ஒவ்வொன்றாக வேறொருவனுக்குப் போயின. பிறகு ஒருநாள் ஆர்க்கெஸ்ட்ரா வேனில் அவனுக்கு இடமில்லாமல் போனது. விரல் வலி, அதனால் நானே விலகிவிட்டேன் என்று வீட்டில் சொன்னான். அவளுடைய கம்பெனியிலேயே அயர்ன் மாஸ்டராகச் சேர்ந்தான். அவள் ஞாயிறுதோறும் நல்லெண்ணெய் காய்ச்சி அவன் விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டாள். அவனும் கையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். கிடார் சுவரில் தொங்கியது. அதைத் துடைக்கும்போதெல்லாம், கழுத்தின் குறுக்கே பதித்த ஃப்ரெட் கம்பிகளில் மேல்பக்கத்தவை புதுசு போல மின்னுவதைக் கண்டு, மனுஷன் எவ்வளவு பத்திரமாக வைத்திருந்திருக்கிறான் என்று பெருமைப்படுவாள்.

போன ஆனியில் அயர்ன் மேசையின் மீதே சாய்ந்தவன் எழுந்திருக்கவில்லை. சுவரில் அதைப் பார்க்கத் தாங்காமல் விண்ணரசி விற்க நினைத்தாள். கிடார் ரிப்பேர் செய்யும் டென்சில் போத்தனூரிலிருந்து வந்து வாசித்துப் பார்த்தார். மேலே போனதும் ஒவ்வொரு சுரமும் கரகரத்தது.

"இந்த நாலு ஃப்ரெட் சமமா இல்ல சிஸ்டர். இங்க யாரும் வாசிச்சதே இல்ல, தேயவே இல்ல பாருங்க" என்றார்.

சரிசெய்ய வழியே இல்லையா என்று கேட்டாள்.

"அரத்தால ராவினா அரை நாள் வேலை. கழிச்ச கிடார் நிறைய இப்படித்தான். சரி பண்ணிட்டா புதுசுக்குக் குறையாமப் பாடும்."

சொல்லிக்கொண்டே கிடாரைத் தோளில் மாட்டும் பட்டையைக் கழற்றினார். பட்டைக்கு அடியில் மங்கிப்போன இன்னோர் அம்பு ஸ்டிக்கர் இருந்தது. அவள் கைப்பையில் இருக்கும் அதே ஸ்டிக்கர்தான், ஆனால் அவள் ஒட்டியதல்ல. அதன் முனை அந்த நாலு ஃப்ரெட்டைப் பார்த்து இருந்தது. ஒட்டியது சவரிராஜ்தான் என்று விண்ணரசிக்குப் புரிந்துவிட்டது. வலியே இல்லாத விரல்களையா இத்தனை வருஷம் நீவிவிட்டேன் என்று கேட்டுக் கேட்டு அழுதாள்.

இப்போது சொல்லுங்கள். செகண்ட்ஸ் என்று சொல்லியே விற்றவர் தாஜுதீன். முதல் குறையோடு தேடலை நிறுத்தியவள் விண்ணரசி. தெரிந்தே வாங்கி வாய் திறக்காதவன் சவரிராஜ். மூவரில் பிழை யாருடையது?

விடை: தாஜுதீன் தெரிந்ததைச் சொன்னார், அவரை விட்டுவிடலாம். விண்ணரசி விதியை மீறியது சந்தோஷத்தில். அதை மறுநாளே திருத்தியிருக்கலாம், யாராவது சொல்லியிருந்தால். பிழை சவரிராஜுடையது. துணியின் சட்டத்தை மரத்துக்கும் இரும்புக்கும் பொருத்தி, செகண்ட்ஸ் என்றால் கடைசி வரைக்கும் செகண்ட்ஸ்தான் என்று நம்பிவிட்டான். திருத்த முடியாததைச் சொல்லி அவளை ஏன் நோகடிக்க வேண்டும் என்று, அவளுடைய அம்பு பாஷையிலேயே எழுதி, அதையும் அவள் பார்க்காத பட்டைக்கு அடியில் ஒளித்து வைத்தான். அந்தக் கிடார் கொடுத்த விலைக்குத் தகுந்ததுதான். என் தீர்ப்பு இது. விண்ணரசி இதை ஏற்கவில்லை. அவள் கிடாரை விற்கவும் இல்லை. சூப்பர்வைசர் எவ்வளவு திட்டினாலும், பாஸ் ஆன பீஸை இப்போதெல்லாம் அவள் இன்னொரு தடவை எடுத்துத் திருப்பிப் பார்க்கிறாள்.