அம்மா ஆவியாப் போயிடுவாளா?

ம் கொட்டிக்கிட்டே கேக்கணும், சரியா கண்ணு? ஒரு ஊர்ல ஒரு மஞ்சக்காடு, மஞ்சக் கெழங்கு வெளையுற தோட்டம். அந்தக் காட்டுக்குள்ள ஒரு வீடு. அதுல நாச்சாயின்னு ஒரு குட்டிப் பொண்ணும் அவ அம்மா அருக்காணியும் இருந்தாங்க. அப்பா மஞ்ச விக்கச் சந்தைக்குப் போயிருந்தாரு.

அம்மா வாசல்ல பெரிய கொப்பரையில மஞ்சக் கெழங்கு வேக வெச்சா. களபுள களபுளன்னு கொதிச்சுது. விளிம்பு வரைக்கும் இருந்த தண்ணி பாதியாயிடுச்சு.

"தண்ணி எங்கம்மா போச்சு?"

"கொதிச்சா ஆவியாப் போயிடும் அம்மிணி."

ஆவியா! நாச்சாயி ரெண்டடி பின்னால போயிட்டா. செத்துப் போனவங்கதானே ஆவி? அவளுக்கு அந்த ஒரு ஆவிதான் தெரியும். ம்?

அப்புறம் ரெண்டு நாள் கழிச்சு, நல்ல மத்தியானத்துல, அம்மா சுருண்டு படுத்துட்டா. பல்லு கிடுகிடுன்னு அடிக்குது. பக்கத்துக் காட்டுப் பாவாயி அக்கா வந்து நெத்தியத் தொட்டுப் பாத்தா. "அய்யோ, ஒடம்பு கொதிக்குதே! டாக்டரக் கூட்டியாறேன், நீ அம்மாவப் பாத்துக்க"ன்னு ஓடிட்டா.

கொதிக்குதா! அப்போ அம்மாவும் ஆவியாப் போயிடுவாளா?

நாச்சாயி ஓடிப்போய்க் கதவச் சாத்துனா, படார்! ஜன்னலச் சாத்துனா, படார்! ஆவி வெளிய போகக் கூடாதுல்ல? உள்ள புழுங்குது, அம்மா முனகுறா. அப்புறம் இருக்குற கம்பளியெல்லாம் இழுத்துப் போத்துனா. அம்மாவுக்குப் புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு வாங்குது. தொட்டா இன்னும் சுடுது. அப்போ அம்மா கண்ணத் தொறந்து, யாரோ எவரோன்னு நாச்சாயியப் பாத்துட்டு என்னமோ உளறுனா பாரு... "அம்மா, போகாதம்மா!"ன்னு கத்திட்டா புள்ள.

பயமா இருக்கா? என் கையப் புடிச்சுக்க. ம்.

மூணாவதா நாச்சாயி யோசிச்சா. கொதிக்கிற பானையில பச்சத்தண்ணி ஊத்துனா கொதி அடங்கும்ல? கம்பளிய வீசுனா, கதவத் தொறந்தா, துண்ட நனச்சு நெத்தியில போட்டா. துண்டு சீக்கிரமே காஞ்சுது. மறுபடி நனச்சா. மறுபடி காஞ்சுது. தண்ணிதான் ஆவியாகி ஆவியாகிப் போவுது. போறப்ப அம்மாவோட சூட்டையும் கொஞ்சம் கொஞ்சமாத் தூக்கிட்டுப் போவுது. அம்மா போகல. பாயிலயேதான் கெடந்தா.

பாவாயி அக்கா டாக்டரோட வர்றதுக்குள்ள அம்மாவுக்குத் தெளிஞ்சிடுச்சு.

"என்ன அம்மிணி, பாயெல்லாம் ஒரே ஈரம்?"

நாச்சாயி அம்மா வயித்துல மொகத்தப் புதைச்சுக்கிட்டு ஓன்னு அழுதா.

டாக்டர் ஊசி போட்டாரு. காய்ச்சலும் எறங்கிடுச்சு, கதையும் எறங்கிடுச்சு. கண்ண மூடு சாமி.