ரெண்டாவது கியரில் ஒரு சத்தம்

சீடருக்கு வயது ஐம்பத்திரண்டு. குருவுக்கு முப்பத்தெட்டு.

ஆலங்குளத்துக்கு மேற்கே, தென்காசி ரோட்டோரம் ஜெசிந்தாவின் பட்டறை. கியர்பாக்ஸ் வேலை என்றால் அந்த வட்டாரத்தில் அவளை விட்டால் ஆள் கிடையாது. நயினார் அவளிடம் தொழில் கற்க வந்து பதினோரு மாதம் ஆகிறது. அதற்கு முன்னால் இருபத்தாறு வருடம் தனியார் பஸ்ஸில் டிக்கெட் செக்கராக இருந்தார். கம்பெனியை மூடிவிட்டார்கள். வேலை போனது, அந்தப் பார்வை மட்டும் போகவில்லை. கோயிலில் விபூதி கொடுக்கிறவர் கையைக்கூட ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் நெற்றியில் பூசுவார்.

வந்த முதல் வாரம் அவர் கேட்டார்.

"ஓடுத கியர் பெட்டியில சத்தம் வந்தா எங்க தேடணும், மேஸ்திரி?"

"கடைசியா கை பட்ட இடத்துல."

அதை நோட்டில் எழுதிவைத்துக்கொண்டார்.

இந்த வருடம், கையில் இருந்ததையெல்லாம் போட்டு நயினார் ஒரு பழைய கார் வாங்கினார். திங்கள்கிழமையிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப் போவதாகப் பேச்சு. முன்னதாக வெள்ளோட்டம் விட்டபோது, அத்தியூத்துப் பாலத்தில் கியர்பாக்ஸ் நொறுங்கியது. ரெண்டாவது கியரில் மூன்று பல் போய்விட்டது. திங்கள்கிழமை கார் வராவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். அவருக்குச் சோறு இறங்கவில்லை.

நல்லவேளை, அதே மாடல் கார் ஒன்று அவர் மச்சினனிடம் இருந்தது. புளியமரத்தில் மோதி, கியர்பாக்ஸின் மேல்கூடு இரண்டாகப் பிளந்து கிடந்தது. உள்ளே இருந்த சக்கரங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பெட்டியைக் கழற்றி ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார்.

ஜெசிந்தா இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிரித்தாள்.

"பல்லு போனது ஒரு சக்கரத்துலதான. அதோட ஜோடியையும் ஏன் கழட்டுதிய?"

"ரெண்டும் சேந்து தேஞ்சது, அண்ணாச்சி. புதுசா ஒண்ணை இதுகூடச் சேத்தா ஊளையிடும். மச்சினன் பெட்டியில இருந்து ஜோடியாத்தான் எடுக்கணும்."

நல்ல பதில்தான். அதுதான் நயினாருக்கு இடித்தது. டிக்கெட் எடுக்காதவர்கள்தான் எப்போதும் நல்ல பதில் வைத்திருப்பார்கள் என்பது அவருடைய இருபத்தாறு வருட அனுபவம்.

போதாக்குறைக்கு, பட்டறை மூலையில் யாரோ ஒரு கான்ட்ராக்டரின் கியர்பாக்ஸ் திறந்து கிடந்தது. அதே மாடல். அதிலும் ரெண்டாவது கியர்தான் பழுது.

நயினார் அதைப் பார்த்தார். மேஸ்திரியைப் பார்த்தார். மறுபடி அதைப் பார்த்தார். மச்சினனின் நல்ல ஜோடியை அதில் போட்டுவிட்டு, அதில் உள்ளதைத் தன் தலையில் கட்டிவிடுவாளோ? காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்.

ஜெசிந்தா மச்சினன் பெட்டியின் சக்கரங்களை டீசலில் கழுவினாள். ஒவ்வொரு பல்லாக நகத்தால் தடவிப் பார்த்தாள். எண்ணெய் பூசித் துணியில் சுற்றி வைத்தாள். பிறகு சாப்பிடப் போனாள்.

நயினார் சாப்பிடப் போகவில்லை. துணியைப் பிரித்தார். கை கிரைண்டரை எடுத்து, ரெண்டாவது கியரின் ஒரு பல் ஓரத்தில் லேசாகத் தொட்டு எடுத்தார். நகக்கண் அளவு ஒரு வெட்டு. அந்தக் காலத்தில் டிக்கெட் மூலையைக் கிள்ளுவாரே, அதே மாதிரி. எண்ணெயைத் தடவி, இருந்தபடியே சுற்றி வைத்தார். ஒரு நிம்மதி. இனி யாரும் தன்னை ஏமாற்ற முடியாது.

சாயங்காலம் ஜெசிந்தா சொன்னாள்.

"அண்ணாச்சி, கியர் ஆயிலும் பேக்கிங் பேப்பரும் வாங்கிட்டு வாங்க."

'இவ்வளவு நேரம் இல்லாமல் இப்போது என்ன ஆயில்?' என்று நினைத்துக்கொண்டே போனார். திரும்பி வந்தபோது சக்கரங்கள் எல்லாம் ஷாஃப்டில் ஏறி, ஷாஃப்ட் பெட்டிக்குள் இறங்கியிருந்தது. குனிந்து குனிந்து பார்த்தார். அடையாளம் வைத்த பல் கண்ணில் படவில்லை.

"என்ன தேடுதிய?"

"ஒண்ணுமில்ல மேஸ்திரி. சும்மா."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே பெட்டியைக் காரில் மாட்டிவிட்டார்கள். ஜெசிந்தா ஓட்டினாள். நயினார் பக்கத்தில் உட்கார்ந்தார். முதல் கியரில் சத்தமில்லை. ரெண்டாவது விழுந்ததும் கேட்டது.

டிக். டிக். டிக்.

மூன்றாவதில் நின்றது. ரெண்டாவதில் மறுபடி வந்தது.

நயினாருக்கு ரத்தம் தலைக்கேறியது.

"நிறுத்துங்க மேஸ்திரி. எங்க மச்சினன் கார் மரத்துல மோதுத வரைக்கும் பூனை மாதிரி ஓடுன வண்டி. இந்தச் சக்கரம் அதுல உள்ளது இல்ல."

"பின்ன எதுல உள்ளது?"

"அதை நீங்கதான் சொல்லணும். மூலையில ஒண்ணு கிடக்குல்லா."

பதினோரு மாதத்தில் அவர் அவளிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. ஜெசிந்தா வண்டியைத் திருப்பினாள்.

பட்டறையில் பெட்டியை மறுபடி இறக்கினாள். ஆயிலை வடித்தாள். ஷாஃப்டை உருவினாள். ரெண்டாவது கியரைக் கழற்றி, துடைத்து, பல் பல்லாக நகத்தால் தடவிக்கொண்டே வந்தாள். ஓர் இடத்தில் நகம் நின்றது.

சக்கரத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள்.

பல் ஓரத்தில் நகக்கண் அளவு ஒரு வெட்டு. வெட்டின விளிம்பில் பிசிறு எழும்பியிருந்தது. ஜோடிச் சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் அதில் இடித்து இடித்து, அந்த இடம் மட்டும் பளபளவென்று மின்னியது.

நயினார் குனிந்து பார்த்தார். தான் வைத்த அடையாளம். மாற்றப்படாத சக்கரம். எதைப் பார்த்துவிட வேண்டும் என்று இரண்டு நாளாகத் தவித்தாரோ, அது கண்முன்னால் இருந்தது.

"நான் கழுவும்போது இது இல்ல," என்றாள் ஜெசிந்தா. "மாட்டுத நேரத்துல இன்னொரு தரம் தடவிப் பாத்திருக்கணும். அது என் தப்பு."

அவர் தலை நிமிரவில்லை. கடைசியாகக் கை பட்ட இடம் எது என்று அவள் கேட்டுவிடுவாளோ என்று பயந்தார். அவள் அதைக் கேட்கவில்லை. சக்கரத்தை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"இது உங்க மச்சினன் பெட்டிச் சக்கரம்தானா, அண்ணாச்சி? நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

நயினார் அந்த வெட்டைக் கட்டைவிரலால் தடவினார். "ஆமா," என்றார்.

"நல்லாத் தெரியுதா?"

"தெரியுது மேஸ்திரி." குரல் உடைந்தது. "நாளைக்கு வண்டி ஓடணுமே. இதுக்கு என்ன செய்யதுக்கு?"

ஜெசிந்தா அலமாரியிலிருந்து தீட்டுகிற எண்ணெய்க் கல்லை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"அந்தப் பிசிறைத் தேய்ங்க."

"எது வரைக்கும்?"

"உங்களுக்கே அடையாளம் தெரியாமப் போற வரைக்கும்."