கன்று நட்ட கை

தோல் தொழிற்சாலைக்காரன் கழிவுநீரை விட்டு அஞ்சலாட்சியின் நிலத்தைச் சாகடித்துவிட்டு ஓடிப்போனான். அதைச் சுத்தம் செய்து பயிர் வைக்க அரசு உதவி கேட்டு, மூன்று வருஷமாக மனு கொடுத்தாள் அவள்.

"மண்ணு கெட்டதுன்னு நான் எழுதினாத்தான் உதவி. மண்ணு நல்லாத்தான் இருக்கு, போம்மா!" என்று விரட்டினார் அதிகாரி தணிகைவேல்.

"அப்ப அந்த மண்ணுல உங்க கையால ஒரு வேப்பங்கன்னு நட்டுக் குடுங்க சார். உங்க பேருல பலகை வெச்சு, போட்டோவும் எடுத்துடலாம்."

பெயர்ப்பலகை, போட்டோ என்றால் விடுவாரா? நட்டார். அவள் தினமும் குழாய்த் தண்ணீர் ஊற்றியும் பத்தே நாளில் கன்று கருகியது.

குறைதீர் கூட்டத்தில், கலெக்டர் மேசைமேல் கருகிய கன்றையும் பலகையையும் போட்டாள்.

"கெட்டது மண்ணா, இவரு கைராசியா? ரெண்டுல ஒண்ணை எழுதிக் குடுக்கச் சொல்லுங்கய்யா!"

கூட்டமே சிரித்தது. மூன்று வருஷம் அசையாத பேனா, மூன்றே நிமிஷத்தில் எழுதியது: மண் கெட்டுவிட்டது.