இரண்டாம் நாள் சிரிப்பு

சடையாண்டி விகடக் கூத்து ஆடுபவர். அவருக்கு ஒரே ஒரு சீடன். அந்தச் சீடன் அவரைவிடப் பத்து வயது மூத்தவன். பெயர் திருமேனி.

திருமேனி முன்பு செக்காட்டிப் பிழைத்தவன். மனைவி காய்ச்சலில் போனபின் இரண்டு வருஷம் யாரோடும் பேசாமல் மாட்டின் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்தான். ஒருநாள் சந்தையில் சடையாண்டியின் கூத்தைப் பார்த்தபோது தன்னை அறியாமல் சிரித்துவிட்டான். சிரித்தது தான்தானா என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது. மறுநாள் செக்கைத் தம்பியிடம் விட்டுவிட்டு அவர் பின்னால் நடந்தான்.

ஆறு வருஷம் மத்தளம் சுமந்தான். துணை வேஷம் கட்டினான். பெண் வேஷமும் கட்டினான். அவ்வப்போது ஒரே கேள்வியைக் கேட்பான்.

"வாத்தியாரே, சனங்க எதுக்குச் சிரிக்கிறாங்க?"

சடையாண்டி பதில் சொன்னதில்லை.

ஏழாம் வருஷம், பஞ்சம் கழிந்த கோடையில், ஒரு பாளையத்துத் திருவிழாவுக்கு அழைப்பு வந்தது. இரண்டு நாள் கூத்து. முதல் நாள் பிற்பகல் சடையாண்டி காவல்காரன் தலைப்பாகையை எடுத்து அவனிடம் நீட்டினார்.

"இன்னிக்கு நீங்க ஆடுங்கண்ணே."

அது ஒருவரே குரல் மாற்றி எல்லா வேஷமும் ஆடும் சின்னக் கூத்து. தானியக் கிடங்குக்கு ஒரு காவல்காரன். எசமான் வெளியூர் போகும்போது, "பூட்டைப் பத்திரமாப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போகிறார். அவன் பூட்டையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். திருடர்கள் கூரையைப் பிரித்துத் தானியத்தை அள்ளுகிறார்கள். கடைசியில் கதவையே பெயர்க்கிறார்கள். "பூட்டுல கை படாமத் தூக்குங்கப்பா" என்கிறான் காவல்காரன். எசமான் திரும்பி வந்து வெறும் சுவர்களைப் பார்த்துத் திகைக்கும்போது, கதவு பெயர்ந்தபோது தாழோடு கழன்ற பூட்டை நீட்டிச் சொல்கிறான்:

"பூட்டு பத்திரமா இருக்குங்க சாமி."

பாளையக்காரர் முன்வரிசையில் திண்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பின்னால் ஊரே கூடியிருந்தது. திருமேனி உள்ளே நுழைந்ததுமே கூட்டம் சிரித்தது. அவன் கண்ணை உருட்டினான், சிரித்தது. காவல்காரன் தன் தாயின் சீக்கைச் சொல்லும் இடம் ஒன்று உண்டு. எந்த ஊரிலும் அந்த இடத்தில் யாரும் சிரித்ததில்லை. இங்கே சிரித்தார்கள். பூட்டை நீட்டியபோது பாளையக்காரர் தொடையைத் தட்டிச் சிரித்தார். கூட்டத்தின் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது.

தங்கியிருந்த சாவடிக்குத் திரும்பியும் திருமேனியால் உட்கார முடியவில்லை.

"வாத்தியாரே, எனக்கு வந்துருச்சு."

"என்ன வந்துருச்சு?"

"வித்தை. ஆறு வருஷமா நீங்க சொல்லாதத இன்னிக்கு நானே பிடிச்சுட்டேன்."

"எதுக்குச் சிரிச்சாங்க?"

"கண்ணை உருட்டுனேன். சிரிச்சாங்க. கால் பின்னி விழப்போனேன். சிரிச்சாங்க."

"ஆத்தாளுக்குச் சீக்குன்னு சொன்னப்ப?"

திருமேனி யோசித்தான்.

"அப்பவும் சிரிச்சாங்க."

"அதுல சிரிக்க என்ன இருக்கு?"

அவன் மெல்ல உட்கார்ந்தான்.

"நாளைக்கு நான் ஆடுறேன்" என்றார் சடையாண்டி. "நீங்க வேஷமில்லாம சனங்களோட உக்காருங்க. மேடையப் பாக்க வேண்டாம். சனங்களப் பாருங்க."

மறுநாள் காலை சடையாண்டி ஊர்க் கிணற்றடிக்குக் குளிக்கப் போனார். திரும்பி வர உச்சிப்பொழுதாகிவிட்டது. வந்தவர் சாப்பிடவில்லை. 

பிற்பகல் திருமேனி கூட்டத்தின் நடுவே உட்கார்ந்தான். பக்கத்தில் ஒரு புருஷனும் பெண்சாதியும். அவள் பெயர் இருளாயி என்பதைப் புருஷன் கூப்பிட்டதில் தெரிந்துகொண்டான்.

கூத்து தொடங்கியது. திருமேனி மேடையைப் பார்க்கவில்லை. கொஞ்சநேரத்தில் ஒன்று புரிந்தது. அங்கே யாருமே மேடையைப் பார்க்கவில்லை. எல்லாருடைய கண்ணும் பாளையக்காரரின் தோள்மேல் இருந்தது. தோள் குலுங்கினால் முதல் வரிசை சிரித்தது. அதைப் பார்த்து அடுத்த வரிசை. வரிசைகளுக்கு நடுவே இரண்டு சேவகர்கள் கையில் அடிக்கும் புளிய மிளாறோடு முகம் முகமாகப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள்.

சேவகன் கிட்டே வந்தபோது இருளாயியின் புருஷன் உதடு அசையாமல் சொன்னான்.

"வாயத் தொற. பல்லு தெரியணும்."

அவள் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. சேவகன் கடந்து போனான்.

"என்னய்யா இது?" என்று திருமேனி மெதுவாகக் கேட்டான்.

"வெளியூரா? சிரிச்சு வைங்க. போன வருசம் இவ தம்பி சிரிக்கல. மூணாம் நாள் ஆத்துல பொணமாக் கெடந்தான்."

"ஏன் சிரிக்கல?"

"அந்த வாரந்தான் எங்க புள்ள பசியில போச்சு. தம்பி மடியிலதான் உசுரு போச்சு. பாளையக்காரரு கிடங்கு நெறைய நெல்லு. பூட்டத் தொறக்கல. அம்புட்டும் புழுத்துப்போச்சு."

திருமேனி தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டான். நேற்று இவர்கள் முன்னால்தான் கண்ணை உருட்டி உருட்டி அந்தப் பூட்டை நீட்டியிருந்தான்.

அவன் மேடையைப் பார்த்தான். சடையாண்டி கண்ணை உருட்டவில்லை. கால் பின்னி விழவில்லை. நாளெல்லாம் நின்று களைத்த ஒரு காவல்காரன் அங்கே நின்றுகொண்டிருந்தான். தாயின் சீக்கைத் தணிந்த குரலில் சொன்னான். பாளையக்காரர் கொட்டாவி விட்டார்.

கதவு போய்விட்டது. எசமான் வந்துவிட்டார். காவல்காரன் துண்டை எடுத்துப் பூட்டின் தூசியைத் துடைத்தான். இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி முன்வரிசையை நோக்கி நீட்டினான். சொன்ன வேலையைக் குறைவில்லாமல் செய்த மனுஷனின் முகம் அது.

"பூட்டு பத்திரமா இருக்குங்க சாமி."

பாளையக்காரரின் தோள் அசையவில்லை. நேற்றுக் கேட்ட வரியை இன்றுதான் அவர் காதில் வாங்கியதுபோல் இருந்தது. முதல் வரிசை சிரிக்கவில்லை. எந்த வரிசையும் சிரிக்கவில்லை.

இருளாயி சிரித்தாள்.

முதலில் மூக்கில் வந்தது. சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். அதையும் மீறி வயிற்றிலிருந்து வந்தது. புருஷன் அவள் தலையைப் பிடித்துத் தன் மடியில் அமுக்கினான். அப்போதும் நிற்கவில்லை. உடம்பு முழுதும் குலுங்கியது.

பாளையக்காரர் திரும்பினார்.

"யாரது?"

சேவகர்கள் வரிசைக்குள் இறங்கினார்கள். திருமேனி எழுந்து நின்றான். பெண் வேஷத்துக்குப் பழக்கிய குரலில், அவள் சிரிப்பு விட்ட இடத்திலிருந்து சிரித்தான். சுற்றியிருந்தவர்களுக்கு உண்மை தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அவனை இழுத்துப்போய் முன்னால் நிறுத்தினார்கள்.

"நேத்து ஆடினவன்தானே? எதுக்குச் சிரிச்ச?"

"எங்க வாத்தியார் நல்லா ஆடுனாருங்க."

பாளையக்காரர் சடையாண்டியைப் பார்த்தார். நேற்றுத் தொடை தட்டிச் சிரித்த வரிக்கு இன்று அவரைத் தண்டித்தால், காரணத்தைத் தன் வாயால் சொல்ல வேண்டியிருக்கும்.

"இவனுக்கு இருபது அடி" என்றார். "யாரும் எந்திரிக்கக் கூடாது."

நான்காவது அடியில் திருமேனி அலறியபோது குரல் பெண்குரலாகக் கீச்சிட்டது. பாளையக்காரரின் தோள் குலுங்கியது. முதல் வரிசை சிரித்தது. பிறகு கூட்டம் முழுதும் சிரித்தது.

மறுநாள் காலை இருவரையும் வண்டியில் ஏற்றி எல்லை தாண்டி விட்டுவரச் சொன்னார்கள். திருமேனி குப்புறப் படுத்திருந்தான். சடையாண்டி அவன் முதுகில் வேப்பெண்ணெய் தடவிக்கொண்டு வந்தார்.

"நேத்துக் கிணத்தடியில இதெல்லாம் கேட்டீங்களா வாத்தியாரே?"

"கேட்டேன்."

"தெரிஞ்சுதான் அந்த வரியச் சொன்னீங்களா?"

"தெரிஞ்சுதான் சொன்னேன். அடி எனக்குத்தான் விழும்னு நெனச்சேன்."

வண்டி வறண்ட ஆற்று மணலில் இறங்கியது. சக்கரம் புதைந்து புதைந்து நகர்ந்தது. 

"அடி விழுந்தப்ப சனங்க சிரிச்சாங்க" என்றான் திருமேனி. "முந்தாநாள் நான் ஆடுனப்ப கேட்ட அதே சிரிப்பு."

சடையாண்டி இன்னும் கொஞ்சம் எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டார்.

"அந்தப் பொண்ணு சிரிச்சாளே. அவளுக்கு நாம நல்லது செஞ்சோமா, கெட்டது செஞ்சோமா?"

தடவிக்கொண்டிருந்த கை நின்றது.

"தெரியலண்ணே. அந்த ஊர்ல தன் சிரிப்பத் தானே சிரிச்சவ இப்ப அவ ஒருத்திதான். அடுத்த திருவிழாவுல சிரிக்கச் சொல்லுவாங்க. எப்படிச் சிரிக்கப்போறாளோ."